ஒன்றுமில்லாத பதிவு

ஒருவருக்கு இருக்கும் வலியை இன்னொருவர் அப்படியே உணரும்படி செய்யலாம் என்று ஆசீர் கண்டுபிடித்தபோது, முதல் வலியை வாங்கிக்கொள்ள முன்வந்தவள் அவனுடைய அக்கா எமிமாள்.

எமிமாள் டாக்டர். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், இனிக் குணமாக வழியில்லை என்று ஆகிவிட்டவர்களுக்கான வார்டு அவள் பொறுப்பில் இருந்தது. தம்பி பெங்களூரில் ஒரு கம்பெனியில் செய்த கருவிக்கு ஏதோ நீளமான பெயர். கம்பளிக் குல்லாய் போல இருந்ததால் வார்டில் எல்லோரும் அதைத் தொப்பி என்றே சொன்னார்கள். நோயாளி தலையில் ஒன்று, டாக்டர் தலையில் ஒன்று. நோயாளிக்குள் நடப்பது டாக்டருக்குள்ளும் நடக்கும். பதிந்து வைத்துக்கொண்டு பிறகு வேறொருவருக்கும் கொடுக்கலாம்.

எலும்பில் புற்றுநோய் பரவிய ஒரு முதியவரின் வலியை எமிமாள் அப்படி வாங்கினாள். தொப்பியைக் கழற்றிய பிறகும் அவள் கை நாற்காலியின் பிடியை விடவில்லை. “இத வெச்சுக்கிட்டா இந்த மனுசன் காலையில என்னப் பாத்து சிரிச்சாரு?” என்றாள். அன்றே அவருக்கு மருந்தின் அளவைக் கூட்டி எழுதினாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இத்தனை வருடம் உழைத்தோம் என்று ஆசீருக்குத் தோன்றியது.

ஜெபத்தையும் தொப்பி கடத்தும் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கோயில் குருக்கள் வலியோடு படுத்திருந்தார். டாக்டர் தொப்பியை மாட்டிய நேரத்தில் அவர் கண்ணை மூடி அம்பாளை நினைத்தார். எதிரே இருந்த டாக்டர் எந்தச் சாமியையும் நம்பாதவர். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். கேட்டதற்கு, “யாரோ பக்கத்துல வந்து நின்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்றாராம்.

அதன்பின் வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கன்னியாஸ்திரீகள், தர்காவில் பாடுகிறவர்கள், காவடி எடுப்பவர்கள், உபவாச ஜெபக்காரர்கள் என்று பலரும் பதியக் கொடுத்தார்கள். அருள்பதிவு என்று அதற்குப் பெயர் விழுந்தது. கோயில் பக்கமே போகாதவர்கள் அதை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று ஆசீரும் நினைத்தான்.

கொஞ்ச காலத்தில் அது சோதனையாக மாறியது. சபையார் தங்கள் போதகரிடம், “ஐயா, நீங்களும் ஒருக்க மாட்டுங்களேன்” என்றார்கள். யாரோ வந்து நிற்கும் அந்த உணர்வை ஒளி என்றார்கள். மாட்டியவர்களில் சிலருக்கு ஒளி இருந்தது. சிலருக்கு இல்லை. இல்லாதவர்கள் பிரசங்கம் செய்ய எழுந்தால் ஜனங்கள் எழுந்து போகச் செருப்பைத் தேடினார்கள். ஒரு போதகர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மைத்துனனின் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். பெண் கேட்டுப் போகிற வீட்டில்கூட “பொண்ணுக்கு ஒளி உண்டுமா?” என்று விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசீர் சிரித்தான். அடுத்த முறை அதே கேள்வியைத் தன் சித்தி வாயிலிருந்தே கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

அவனும் அருள்பதிவுகள் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்திருந்தான். அதற்குக் காரணம் உண்டு. அவன் மனைவி லீதியாள் அக்காவின் வார்டில்தான் இறந்துபோனாள். வலியை மருந்தால் அடக்க முடிந்தது. பயத்தை முடியவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எமிமாள் வந்து கட்டிலோரம் உட்காருவாள். கையைத் தூக்கி, குரலை உயர்த்திச் செய்கிற ஜெபம் இல்லை. அடுத்த அறையில் இருக்கிறவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி வைப்பது போல மெதுவாகப் பேசுவாள். அவள் எழுந்து போகும்போது, போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த லீதியாளின் விரல்கள் தளர்ந்திருக்கும். ஆசீர் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அக்காவிடம் ஏதோ இருக்கிறது, அது தன்னிடம் இல்லை என்று அப்போதே அவனுக்குப் பட்டது.

மற்றவர்களின் பதிவுகள் மாட்டியிருக்கும்வரை நெஞ்சை நிறைத்தன. கழற்றியதும் லீதியாள் இல்லாத வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பாளையங்கோட்டைக்கு வந்தான். எமிமாள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் சொதிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு உன்னோடது வேணும்க்கா” என்றான்.

“என்னோடது எது?”

“ஜெபம்.”

“அத சொல்லத்தான செய்யுதேன். கேக்கணும்னா வந்து பக்கத்துல உக்காரு. தொப்பி எதுக்கு?”

“சொன்னா எனக்குள்ள போக மாட்டேங்கு.”

“போவலன்னா இன்னொருக்க சொல்லுதேன்.”

அவன் பிழிந்த தேங்காய்ச் சக்கையை ஒதுக்கி வைத்தான். பிறகு, “லீதியாள் நல்லா இருக்கான்னு சொல்லுத. உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

“தெரியாதுடே. நம்புதேன்.”

“அந்த நம்பிக்கையத்தான் கேக்கேன். நான் வேற ஆருட்ட போயிக் கேக்க?”

எமிமாள் கையைக் கழுவித் துடைத்தாள். அவனுடைய சட்டைக் காலரைப் பார்த்தாள். ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய வீட்டில் இப்போது ஆள் இல்லை.

“கம்பெனிக்கா?”

“இல்ல. எனக்கு மட்டும்.”

“அப்போ பாத்துட்டு அழிச்சிரணும்.”

“அழிச்சிருதேன்.”

சாப்பிட்ட பிறகு இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எமிமாள் கண்ணை மூடினாள். முதலில் அவளுடைய முழங்கால் வலி ஆசீருக்குத் தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒருபோதும் சொன்னதில்லை. பிறகு வார்டில் இருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயரோடும் ஒரு முகம், அந்த முகத்தின் பாரம். லீதியாளின் பெயர் வந்தது. அவனுடைய பெயரும் வந்தது. ஒவ்வொன்றும் யாரிடமோ சொல்லப்பட்டது.

இனி வரும் என்று ஆசீர் காத்திருந்தான். குருக்களிடமும் கன்னியாஸ்திரீயிடமும் வந்த அந்த ஆள் இதோ வருவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

யாரும் வரவில்லை. சூடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சொன்ன பெயர்கள் போய் எங்கும் விழுந்த சத்தம்கூட இல்லை. எமிமாள் கடைசிவரை அதே அமைதியில் சொல்லிக்கொண்டே போனாள். ஆமென் என்றாள். கண்ணைத் திறந்தாள்.

“என்னடே?”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். ஏன்?”

“ஒண்ணுமில்லியேக்கா. ஆருமே இல்ல அங்க.”

“ஆமா” என்றாள், மழை பெய்யவில்லை என்று சொன்னதற்கு ஒப்புக்கொள்வதைப் போல. “அப்படித்தான இருக்கும்?”

“மத்தவங்களுக்கு அப்படி இல்ல.”

எமிமாள் புரியாமல் பார்த்தாள். அவள் இதுவரை நோயாளிகளின் வலியை மட்டுமே வாங்கியிருந்தாள். ஒரு அருள்பதிவைக்கூட மாட்டிப் பார்த்ததில்லை. அது பிறருடைய அறைக்குள் எட்டிப் பார்ப்பது போல என்று சொல்லியிருந்தாள்.

“மத்தவங்களுக்கு எப்படி?”

“வருவாரு. பக்கத்துல நிப்பாரு. பதில் சொன்ன மாதிரி இருக்கும். நெஞ்செல்லாம் நெறஞ்சிரும்.”

“அது பாட்டுல சொல்லுததுதான? சும்மா ஒரு இதுக்கு...”

“பாட்டுல இல்லக்கா. நெசமாவே.”

ஆசீருக்குள் ஏமாற்றம் கோபமாக ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கதவருகே நின்று பார்த்துப் பொறாமைப்பட்டது இந்த வெற்றிடத்தைப் பார்த்தா என்று இருந்தது. அந்தக் கோபத்தில்தான் அவன் அதைச் செய்தான். பிற்பாடு எத்தனையோ முறை அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போய்த் தன் கையைத் தானே பிடித்து நிறுத்தியிருக்கிறான், மனதுக்குள். கன்னியாஸ்திரீ ஒருவரின் பதிவைத் தேர்ந்து, “நீயே பாரு” என்று அக்காவிடம் தொப்பியை நீட்டினான். எமிமாள் மாட்டிக்கொண்டாள்.

அவள் முகம் மாறுவதை அவன் எதிரே இருந்து பார்த்தான். நெற்றிச் சுருக்கம் போயிற்று. உதடு லேசாகத் திறந்தது. கண்ணீர் வழிந்தது. ஐம்பத்தைந்து வயது முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் தெரிந்தாள். கழற்றியபோது அவள் தொப்பியை உடனே திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எல்லாருக்கும் இப்படியா?”

“நெறைய பேருக்கு.”

“தெனமும் இப்படியா?”

“அந்தச் சிஸ்டருக்குத் தெனமும்தான்னு சொன்னாவ.”

“எனக்கு ஒருக்கா கூட இல்லியேடே.”

அந்த இடத்தில் அவன் அவளுடைய கையைப் பிடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, “அப்போ லீதியாளுட்ட எதை வெச்சு அவ்வளவு நிச்சயமாப் பேசுன?” என்று கேட்டான்.

“நிச்சயம்னு நான் ஒரு நாளும் சொல்லலியே” என்றாள் எமிமாள். “நம்புதேன்னுதான் சொன்னேன். அவளும் நம்புதேன்னா.”

அன்று சாயங்காலம் ஆசீர் பெங்களூருக்குக் கிளம்பினான். பதிவை அழிக்கவில்லை. வேண்டுமென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. அதைத் திறக்கவே அவனுக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் நிறுவனம் அவனை மறுபடி அந்த வார்டுக்கு அனுப்பியது. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து ஒரே புகார். மரணப்படுக்கையில் இருப்பவர்களுக்கு அருள்பதிவு கொடுத்தால் சில நாள் நன்றாக இருக்கிறார்கள். பிறகு தொப்பியைக் கழற்றினாலே அலறுகிறார்கள். எதனால் என்று அவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

எமிமாள் அவனை வழக்கம்போலத்தான் வரவேற்றாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். அவள் இளைத்திருந்தாள். ரவுண்ட்ஸ் நேரம் என்று சொல்லி விலகிக்கொண்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் சண்முகவடிவு என்ற அம்மாள் இருந்தார். மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகெலும்பில் கட்டி. கட்டில் தலைமாட்டில் திருச்செந்தூர் முருகன் படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். தொப்பி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் அந்த வார்டில் அவர் ஒருவர்தான்.

“நீங்கதான் இதச் செஞ்சவரா?” என்று கேட்டார். “உக்காருங்க தம்பி. ஒருக்கா மாட்டிப் பாத்தேன். ஆரோ விருந்து சாப்பிட்டு ஏப்பம் விடுதாவ. அதக் கேட்டா என் வயிறு நெறயுமா?”

ஆசீருக்குச் சிரிப்பு வந்தது. “அதனாலதான் மத்தவங்க அழறாங்களா?”

“பின்ன? கழத்துனதும் தெரிஞ்சிபோவுதுலா, வந்தவரு எனக்காக வரல, அந்தச் சிஸ்டருக்காக வந்தாருன்னு. அவுகளுக்கு வாரவரு எனக்கு ஏன் வரலன்னு கேள்வி வருது. சாவப்போற நேரத்துல அந்தக் கேள்வியோட ஒருத்தர் கெடக்கலாமா?” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “எனக்கு உங்க அக்கா வந்து உக்காந்தாப் போதும். நான் வந்த புதுசுல தெனம் உக்காருவாவ. அவுக சாமி வேற, என் சாமி வேற. அது ஒரு தொந்தரவாவே இல்ல. இப்ப வாரது இல்ல.”

“ஏன்?”

“கேட்டேன். பாஸ்டரக் கூப்பிடட்டுமா, ஓதுவாரக் கூப்பிடட்டுமாங்காவ. ஊசி போடுதாவ, நாடி பாக்காவ, போயிருதாவ. ஆருக்கும் ஜெபம் பண்ணுதது இல்லியாம் இப்போ. என்ன ஆச்சு அவுகளுக்கு?”

ஆசீர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். ஒரு நீதிபதியிடம் சொல்கிறோம் என்பதால் இருக்கலாம், எதையும் மழுப்பவில்லை. பதிவை அழிக்காமல் வைத்திருப்பதையும் சொன்னான்.

“அத எனக்குத் தாங்க” என்றார் சண்முகவடிவு.

“அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறுமைதான்.”

“இருக்கட்டும்.”

தரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. தொப்பியை அவரே மாட்டிக்கொண்டார். ஆசீர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உறவினர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சண்முகவடிவு தொப்பியைக் கழற்றினார். கண் ஈரமாக இருந்தது. ஆனால் மற்றவர்களைப் போல அதைத் திரும்பக் கேட்கவில்லை.

“இதுலயா ஒண்ணுமில்லன்னு சொன்னீய?” என்றார்.

“ஆமாம்மா. யாரும் வரலியே.”

“எனக்கும் வரலியே தம்பி. சின்ன வயசுலேர்ந்து முருகா முருகான்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பதிலும் வந்தது இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படியோன்னு வெளிய சொல்ல வெக்கம். கோர்ட்டுல ஆயிரம் சாட்சி விசாரிச்சவ. சாட்சியே இல்லாத ஒரு விசயத்த வாழ்நாள் பூரா வெச்சுக்கிட்டு இருக்கேன்னு ஆருட்ட சொல்ல முடியும்?” தொப்பியைப் போர்வைமேல் வைத்தார். “இந்தம்மாவுக்கும் ஒண்ணும் வரல. ஆனா நிறுத்தல பாத்தீயளா? ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே இருக்காவ. பதில் வருதான்னு ஒரு எடத்துலகூட நின்னு காது குடுக்கல. நீங்க வரும் வரும்னு பாத்துக்கிட்டு இருந்ததுல, அவுக என்ன செய்தாவன்னு பாக்கல.”

அக்காவின் ஜெபத்துக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். அதில் இருந்தது முழுக்க அவள் கொடுத்ததுதான். வாங்கியது எதுவும் இல்லை. அவனோ அவள் என்ன வாங்கினாள் என்று தேடினான்.

மறுநாள் காலை எமிமாளின் அறையில், அவள் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னான். அழிக்காமல் வைத்திருந்ததையும், சண்முகவடிவுக்குக் கொடுத்ததையும், அவர் சொன்னதையும்.

“வெச்சிருந்தியா?” என்று மட்டும் கேட்டாள் எமிமாள்.

“தப்புதான்க்கா. நான் அன்னைக்குச் சொன்னது எல்லாமே தப்பு. மத்தவங்கட்ட இருந்தது ஒரு சொகம். உன்கிட்ட இருந்ததுதான் நம்பிக்கை. நீ மறுபடி போயி உக்காரு. அவுக கேக்காவ.”

அவள் தம்ளரை அவன்முன் வைத்தாள். “உக்காந்து பாத்தேன்டே. நீ போன மறுநாளே உக்காந்தேன். வாயத் தெறந்தேன். ரெண்டு பேரு சொல்லுததுக்குள்ள, வருதா வருதான்னு காது முன்னால போவுது. முன்னால எனக்கு அப்படிக் கேக்கவே தெரியாது. நான் பாட்டுக்குப் பேசுவேன். எல்லாரும் அப்படித்தான் பேசுதாவன்னு நெனச்சேன். இப்ப அந்தச் சிஸ்டருக்கு வந்தது எனக்குத் தெரிஞ்சிபோச்சுலா. எனக்கு ஏன் இல்லங்கிறதத் தவிர வேற ஒண்ணும் வாயில வர மாட்டேங்கு.”

“உன் பதிவு இருக்கே. நீயே ஒருக்க மாட்டிப் பாரு. எப்படிச் சொன்னன்னு...”

“வேண்டாம். அது அன்னைக்கு இருந்தவ. நான் இல்ல. அழிச்சிரு” என்றாள்.

அவள் பார்க்க அவன் அழித்தான். ஒரு விரல் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. எந்த உணர்வையும் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குக் கொண்டுபோக அவனால் முடியும். அவள் இழந்ததை எங்கிருந்து எடுத்து அவளிடம் திருப்பி வைப்பது என்று தெரியவில்லை. “மன்னிச்சிரு அக்கா” என்றான். “நீ கெட்டது நெனச்சா செஞ்ச? டீ ஆறுது, குடி” என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

நிறுவனத்துக்கு அவன் எழுதிய அறிக்கையை யாரும் விரும்பவில்லை. மரணப்படுக்கையில் இருப்பவர்களுக்கு அருள்பதிவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தான். வேலையை விட வேண்டியதாயிற்று. தொப்பி நிற்கவில்லை, இன்னும் பெரிய ஊர்களுக்குப் போயிற்று. ஆசீர் பாளையங்கோட்டையிலேயே வீடு பிடித்தான். வலியைக் கடத்தும் பழைய தொப்பிகள் வார்டில் பழுதாகிக் கிடந்தன. அவற்றைச் சரிசெய்து கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு தினமும் போனான்.

சண்முகவடிவுக்கு முடிவு நெருங்கியது ஒரு காலை நேரத்தில். எமிமாள் மருந்தைச் சரிபார்த்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். மகன் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். சண்முகவடிவு கண்ணைத் திறந்து எமிமாளைப் பார்த்தார். ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. பிறகு ஆசீரைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க சொல்லுங்க.”

“எனக்கு உங்க சாமி பாட்டு ஒண்ணும் தெரியாதேம்மா.”

“தெரிஞ்சதச் சொல்லுங்க.”

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். எதையும் நம்புகிறோமா என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வாய் திறந்திருக்காது. அக்காவின் ஜெபம் உள்ளே எப்படி நடந்தது என்று அவனுக்குத் தெரியும். அவளைத் தவிர உலகத்தில் அது தெரிந்தவர்கள் இருவர். மற்றவர் இந்தக் கட்டிலில் படுத்திருந்தார். “ஆண்டவரே, இவங்க சண்முகவடிவு” என்று தொடங்கினான். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், வரும் வழியில் இருக்கும் மகனின் பெயரைச் சொன்னான். அடுத்த கட்டில்காரரின் பெயரைச் சொன்னான். லீதியாளின் பெயரைச் சொன்னான். எதுவும் வரவில்லை. சொல்லிக்கொண்டே போனான். சண்முகவடிவின் உதடு ‘முருகா’ என்று அசைந்தது. கை தளர்ந்தபோது அவன் கவனித்தான், அது இவ்வளவு நேரம் தன் கையைப் பிடித்திருந்தது.

மகன் வந்து எல்லாம் முடிந்து, கட்டிலில் புது விரிப்பு விரித்தார்கள். ஆசீர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எமிமாள் வந்து எதிரே நின்றாள்.

“உனக்கு வந்துச்சா டே?”

அப்படி ஒரு கேள்வியை அவள் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை. வந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஆசீர் ஒரு கணம் நினைத்தான்.

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமா ஒண்ணுமில்ல.”

“பொய் சொல்லுத. ஒண்ணும் வராமயா அவ்வளவு நேரம் பேசுன?” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “தொப்பிய மாட்டிக்கிட்டு ஒருக்க சொல்லு. நான் பாக்கேன். எனக்குத் தெரியணும்.”

பழுது பார்த்து முடித்த தொப்பிகள் இரண்டும் பக்கத்திலேயே இருந்தன. ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தால் போதும். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, நம்புவதற்கு என்று அவளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

“தொப்பி வேண்டாம்க்கா” என்றான். “இங்க உக்காரு. நான் சொல்லுதேன், நீ கேளு.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். கடைசியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

“சும்மாதான் உக்காருதேன்” என்றாள்.

“சரிக்கா.”

ஆசீர் கண்ணை மூடினான். ஆண்டவரே என்றான். முதலில் அவளுடைய பெயரைச் சொன்னான். அவளுடைய முழங்கால் வலியைச் சொன்னான். வார்டில் புதிதாக வந்தவரின் பெயரைச் சொன்னான். பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவளும் கண்ணை மூடியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்காமல் அடுத்த பெயரைச் சொன்னான்.